இடது பக்கத்துப் பொத்தான்

அத்தியாயம் 4

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது குலைடெக் நிறுவனம். படியேறி உள்ளே நுழைந்த கையோடு தனேஸ்வரிக்கு அந்த இடம் பிடிக்காமல் போய்விட்டது. வேலை நடக்கிற ஆபீசில் ஒருவராவது எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார். இங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பதிலாக மூட்டை மூட்டையாக மெத்தைகள் கிடந்தன. அவற்றில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

“வாங்க மேடம். முதல்ல ஒரு போட்டோ எடுத்துருவோம்,” என்றார் முதலாளி சசிகுமார். பனியனுக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியை நீட்டி, கட்டை விரலை உயர்த்திக்காட்டிப் பல்லைக் காட்டினார். ஒரு பெண்ணின் மானம் போய்க்கொண்டிருக்கும் விவகாரத்தை விசாரிக்க வந்தவளோடு நின்று எடுக்கிற படம் அது.

“என்னைய மட்டும் எங்கயும் போட்டுறாதீங்க போஸ்,” என்றார் சில்வெஸ்டர். “ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

சில்வெஸ்டர் தனேஸ்வரியின் உதவியாளர். வயதில் அவளைவிட மூத்தவர், நெடுங்காலம் லோரி ஓட்டியவர். வேனை ஓட்டுவதும் வாயை ஓட்டுவதும் அவர் பொறுப்பு. தனேஸ்வரி காப்புறுதி நிறுவனங்களுக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவள். எரிந்த கடை, மூழ்கிய படகு, காணாமல் போன மாடு என்று அவள் பார்க்காத புளுகு இல்லை. அந்தப் புளுகர்களிடம்கூட அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது, அவர்கள் உழைத்துப் பொய் சொன்னார்கள்.

சசிகுமார் விஷயத்தைச் சொன்னார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் வெட்டிப் போடும் குலைகளை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் கைப்பேசியிலேயே பதிந்துகொள்ள அவருடைய கம்பெனி ஒரு செயலி செய்கிறது. அதற்கான திரையை வரைய ஆளே வேண்டாம், செயற்கை நுண்ணறிவுக் கருவி போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கருவி நல்லது என்று பார்க்க ஒரு போட்டி வைத்தார். ஒரு பக்கம் துரிதா என்ற விலை கூடின கருவி, இன்னொரு பக்கம் இலவசமாகக் கிடைத்த ஒரு கருவி, மூன்றாவதாகக் கம்பெனியின் வடிவமைப்பாளர் ஷாமளா. மூவருக்கும் ஒரே வேலை. துரிதா ஜெயித்தது. ஷாமளா திருடியாகிவிட்டாள்.

“நீங்களே பாருங்க மேடம்.” சசிகுமார் சுவர்த்திரையில் இரண்டு படங்களைப் போட்டார். “இது துரிதா செஞ்சது. இது ஷாமளா செஞ்சது. பதியிற பொத்தான் ரெண்டுலயும் இடது ஓரத்துல, இம்மாம் பெருசு. உலகத்துல எந்த ஆப்லயும் இப்படி இல்ல. துரிதா மத்தியானம் குடுத்துச்சு. இவ சாயங்காலம் குடுத்தா. வேற என்ன ப்ரூஃப் வேணும்?”

“அதான் உங்களுக்கே தெரிஞ்சிருச்சே. நான் எதுக்கு?”

“போலீஸ்ல சொல்றதுக்கு முந்தி வெளியாள் ஒருத்தர் சொன்னா வெயிட்டா இருக்கும்லா.”

போலீசில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சிலாங்கூரில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்சப் குழுவில், ஷாமளா திருடி, யாரும் வேலைக்கு எடுக்காதீர்கள் என்று சசிகுமார் குரல் பதிவு போட்டுவிட்டார். அதற்கு யாருடைய ஆலோசனையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

“இடது பக்கம் எதுக்கு வெச்சிச்சு உங்க மெஷின்?” என்று கேட்டாள் தனேஸ்வரி.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் ஜாரெட் எழுந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர். துரிதாவை விற்பவரும் அவர்தான், போட்டிக்கு மார்க் போட்ட குழுவில் உட்கார்ந்தவரும் அவர்தான். குழுவின் மற்ற இருவர் சசிகுமாரும் சசிகுமாரின் மச்சானும். மச்சானுக்குத் தொழில் கார் கழுவும் கடை.

“அது சும்மா வரல மேடம். துரிதா ஆயிரக்கணக்கான ஹார்வெஸ்டிங் வீடியோவைப் படிச்சிருக்கு. தொழிலாளியோட வலது கையில அரிவாள் கம்பு இருக்கு. அப்போ எந்தக் கை ஃப்ரீ? இடது கை. மனுசன் யோசிக்காததை அது யோசிக்குது.”

“செம்பனைக் குலை வெட்டுறதை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?”

“வீடியோல பார்த்திருக்கேன்.”

“அந்தக் கம்பு ரெண்டு ஆள் உயரம். ஒத்தக் கையில புடிச்சா வெட்டுறவன் தலையிலதான் குலை விழும்.”

“விழுந்த பொறவு ரெண்டு கையும் ஃப்ரீதான் மேடம்,” என்றார் சில்வெஸ்டர்.

சசிகுமார் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஜாரெட்டைப் பார்த்தார். ஜாரெட் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை. தனேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெட்டுகிறவன் குலையைப் பதிவதே இல்லை, மண்டோர்தான் பதிகிறார் என்று இந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. அதை இவர்களுக்கு எடுத்துச்சொல்ல அவளுக்கும் பொறுமை இல்லை.

படியிறங்கும்போது சில்வெஸ்டர் கேட்டார். “எங்க போறோம் மேடம்?”

“அந்தப் பொத்தானை இடது பக்கம் வைக்கணும்னு ஒருத்தருக்கு நெசமாவே ஒரு காரணம் இருந்திருக்கு, அண்ணே. இன்னொருத்தருக்குக் காரணமே இல்ல. காரணம் யார்கிட்ட இருக்கோ அவங்களுதுதான் படம்.”

“காரணம் இல்லாதவன்கிட்ட விளக்கம் மட்டும் நெறைய இருக்கு.”

“அதுக்குத்தான் சம்பளம் வாங்குறான்.”

*

ஷாமளா ஆற்றோரத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த தே ஓ ஐஸ், பால் இல்லாத தேநீர், கரைந்து தண்ணீராகியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்துவிட்ட முகம். இனிமேல் கோபப்பட மட்டும்தான் அதில் இடம் இருந்தது.

“நான் திருடல அக்கா. அந்த மெஷின் என்ன குடுத்திச்சின்னே எனக்குத் தெரியாது. போட்டிக்கு ரொம்ப முந்தியே நான் அதை வரைஞ்சிட்டேன்.”

“எங்க வரைஞ்சே?”

“ஆபீஸ் வைட்போர்டுல. மீட்டிங் நடக்குறப்போ.”

“எல்லாரும் பார்த்தாங்களா?”

“எல்லாரும் இருந்தாங்க. யாரும் பார்க்கல. போஸ் பேசிக்கிட்டே இருந்தாரு, எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மீட்டிங் முடிஞ்சதும் நானே அழிச்சிட்டேன். போர்டை அழிக்காம போனா திட்டுவாரு.”

“இடது பக்கம் எதுக்கு?”

ஷாமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் தனேஸ்வரிதான். ஷாமளா ஆத்தங்கரைத் தோட்டத்துக்குப் போய், மண்டோர் சன்னாசியோடு ஒரு காலை முழுக்க அலைந்திருக்கிறாள். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதே இல்லை. கைப்பேசி கைப்பிடிக் கம்பியில் ஒரு உறைக்குள் தொங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இடது கையாலேயே அதைத் தட்டுகிறார். வலது கை ஆக்சிலேட்டர் கைப்பிடியிலிருந்து அசைவதில்லை.

“மண்டோருங்க எல்லாரும் அப்படித்தான் அக்கா. அதனாலதான் இடது பக்கம் வெச்சேன்.”

“எத்தன மண்டோரப் பார்த்தே?”

ஷாமளா கோப்பையைப் பார்த்தாள். “ஒருத்தரை,” என்றாள் பிறகு.

சில்வெஸ்டர் தொண்டையைச் செருமினார். தனேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்.

“கிள்ளான்ல ஒரு கம்பெனி என்னைய வரச் சொல்லியிருந்தாங்க. அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டு வேணாம்னுட்டாங்க. அதுகூடப் பரவால்ல அக்கா.” ஷாமளாவின் குரல் தணிந்தது. “எங்கம்மாவுக்கு யாரோ அதை அனுப்பிட்டாங்க. அம்மா என்னைய உட்கார வெச்சி, எடுத்தியாம்மான்னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன். எடுத்திருந்தா திருப்பிக் குடுத்துரு, கால்ல விழுந்துறலாம்னாங்க.”

தனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. பனியன் மேல் கோட்டுப் போட்ட ஒரு ஆளின் சொல், பெற்ற தாயின் வீட்டுக்குள் போய் மகளைவிடப் பெரியதாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவள் எழுந்தாள்.

“கிளம்பு. உன் மண்டோரைப் பார்ப்போம்.”

*

புக்கிட் பெலிம்பிங் தாண்டி வேன் செம்மண் பாதையில் இறங்கியது. ஆத்தங்கரைத் தோட்டத்தின் செம்பனை வரிசைக்கு நடுவே சன்னாசியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளின் சத்தமும் புகையும் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தன.

“என்னா வேணும்?” என்று கத்தினார் சன்னாசி. வண்டியை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

“கொஞ்சம் பேசணும். இஞ்சினை நிறுத்துறீங்களா?”

“நிறுத்த மாட்டேன். பேசணும்னா சத்தமாப் பேசு.”

தனேஸ்வரி அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கைப்பிடியை விடாமல் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது. சற்றுத் தளர்ந்தாலும் வண்டி இருமியது, உடனே சன்னாசி பதறி முறுக்கினார்.

“கையை எடுத்தா என்னா ஆவும்?”

“செத்துரும். அப்புறம் உதைச்சாலும் எழுந்திரிக்காது. ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போயி உருட்டி விடணும். எங்க இருக்குது ஏத்தம் இந்தக் காட்டுல?”

“ரிப்பேர் பண்ணலையா?”

“எதுக்கு? தோட்டத்துல புதுசே குடுத்தாங்க. வேணாம்னுட்டேன். நல்ல வண்டி வீட்டுக்கு வந்தா மருமவன் எடுத்துக்கிட்டுப் போயிருவான். இதை எந்த நாய் எடுக்கும்?”

“வண்டியா அது,” என்று முணுமுணுத்தார் சில்வெஸ்டர். “ஆக்சிஜன் குழாயைப் புடிச்சிக்கிட்டு நோயாளிய ஊரெல்லாம் சுத்திக் காட்டுறாரு.”

அந்த நேரம் வேறு இரண்டு மண்டோர்கள் அந்தப் பக்கமாக வந்தார்கள். இருவர் வண்டியும் தோட்டம் கொடுத்த புது வண்டி. குவிந்து கிடந்த குலைகளின் பக்கத்தில் நிறுத்தினார்கள், சாவியைத் திருப்பி அணைத்தார்கள், இறங்கி நடந்தார்கள். கைப்பேசியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது கட்டை விரலால் தட்டினார்கள். மனிதர்கள் எல்லோரும் தட்டுவது மாதிரியே தட்டினார்கள்.

ஷாமளா அதைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகம் வெளிறிப்போனதைத் தனேஸ்வரி கவனித்தாள்.

“கோலாலம்பூர்லேருந்து யாராச்சும் ஆளு வந்து உங்களப் பார்த்தாங்களா?” என்று சன்னாசியைக் கேட்டாள்.

“யாரு வருவா? ஒருத்தன் வந்தான், தோட்டத்து கேட் வரைக்கும். சப்பாத்துல மண்ணு ஒட்டும்னு காருலேருந்தே எறங்கல. அங்கேயே திரும்பிட்டான்.” சன்னாசி முறுக்கினார். வண்டி ஒரு முறை பின்னிழுத்துக் குதித்து, புகையை விட்டுவிட்டு மறைந்தது.

வேனுக்குள் ஏறியதும் சில்வெஸ்டர் பெருமூச்சு விட்டார். “கதை முடிஞ்சிச்சி மேடம். தங்கச்சி ஒரு ஓட்டை மோட்டருக்குப் போயி ஒரு ஆப்பையே வரைஞ்சிருக்கு. படம் தப்பு.”

“தப்புதான்.” தனேஸ்வரி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். “அதுதான் நமக்கு வேணும். சரியான பதிலா இருந்தா ரெண்டு பேரு தனித்தனியா கண்டுபிடிச்சிருக்கலாம். இப்படி ஒரு தப்பு, அதுவும் மருமவனுக்குப் பயந்து வண்டியை மாத்தாத ஒரு மனுசன்கிட்டேருந்து வந்த தப்பு, அது உலகத்துல ஒருத்தருக்குத்தான் வரும். அந்த மெஷின் இவகிட்டேருந்துதான் எடுத்திருக்கு.”

“வேணாம் அக்கா,” என்றாள் ஷாமளா பின் இருக்கையிலிருந்து. “அதைச் சொன்னா நான் வரைஞ்சது தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். எனக்கு வேலையும் தெரியாதுன்னு பேசுவாங்க.”

“பேசுவாங்க. திருடின்னு பேசுறதை நிறுத்திட்டுத்தான் பேசுவாங்க. எது வேணும்னு நீயே சொல்லு.”

வேன் செம்மண் பாதையிலிருந்து தார் ரோட்டில் ஏறுகிற வரை ஷாமளா ஜன்னல் வழியே செம்பனை வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “ஆபீசுக்குப் போங்க அண்ணே,” என்றாள்.

*

குலைடெக்கில் அவர்கள் மூவரும் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. ஷாமளாவைக் கண்டதும் சிப்பந்தி ஒருத்தி மேசை மேலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சசிகுமார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். தனேஸ்வரி பார்த்தாள். அவளுக்கு இந்த ஆபீஸ் மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று.

“ஒரே ஒரு வேலை,” என்றாள். “துரிதாவை மறுபடி ஓட்டுங்க. புதுசா ஒரு கணக்குத் தொறந்து, போட்டிக்குக் குடுத்த அதே குறிப்பை மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் குடுக்கக்கூடாது.”

ஜாரெட் குறுக்கே வந்தார். “அது ஃபேர் இல்ல மேடம். இந்த மாதிரிக் கருவி ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரிதான் குடுக்கும்.”

“அப்படியா? மூளை அவ்வளவு பெருசுன்னு காலையில சொன்னீங்க. இடது கை ஃப்ரீங்கிறது சாயங்காலத்துக்குள்ள மறந்துருமா?”

“இல்ல, கான்டெக்ஸ்ட் வேணும்…”

“ஓட்டுங்க போஸ்,” என்றார் சில்வெஸ்டர். “மேடத்துக்குக் கோவம் வந்தா நான்தான் வேன்ல அதைக் கேட்டுக்கிட்டே வீடு வரைக்கும் போகணும்.”

சசிகுமார் ஓட்டினார். கருவி யோசிப்பதாகச் சொல்லிச் சுழன்றது. பிறகு ஒரு படம் வந்தது. பதியும் பொத்தான் கீழே, வலது பக்கத்தில், எல்லாச் செயலியிலும் இருக்கிற இடத்தில் இருந்தது. மேலே அலங்காரத்துக்குப் பச்சை வயல், அதில் பொன்னிறக் கோதுமை, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன், ஒரு பசுமாடு.

“ஆத்தங்கரைத் தோட்டத்துல இந்த ஆளை நான் பார்க்கல,” என்றார் சில்வெஸ்டர். “லீவுல இருக்காரு போல.”

இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள் தனேஸ்வரி. மாடு போய் டிராக்டர் வந்தது. பொத்தான் வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஜாரெட் தன் மடிக்கணினியை மூட ஆரம்பித்தார்.

“அன்னிக்கு மட்டும் எப்படி இடது பக்கம் வந்திச்சு? குறிப்பைத் தவிர என்னா குடுத்தீங்க?”

“ஒண்ணும் இல்ல மேடம். சும்மா கம்பெனி ஃபோல்டர்தான்.” சசிகுமாருக்கு அதைச் சொல்வதில் பெருமைகூட இருந்தது. “ஜாரெட் சொன்னாரு, கம்பெனியோட ஆத்மாவை அதுக்குக் குடுங்க, அப்பத்தான் உங்களப் புரிஞ்சிக்கும்னு. எங்ககிட்ட இருக்குற போட்டோ எல்லாத்தையும் குடுத்துட்டேன். அதுக்கப்புறம்தான் அது எங்களை அப்படியே புரிஞ்சிக்கிச்சி. எனக்கே புல்லரிச்சிப் போச்சு.”

“அந்தப் போட்டோவை எல்லாம் போடுங்க, பார்ப்போம்.”

சுவர்த்திரையில் படங்கள் வரிசையாக விழுந்தன. எல்லாவற்றிலும் சசிகுமார். சசிகுமார் கோப்பி குடிக்கிறார். சசிகுமார் மெத்தை மூட்டையில் சாய்ந்திருக்கிறார். சசிகுமார் டுரியான் விருந்தில் கட்டை விரலை உயர்த்துகிறார். மீட்டிங் நடக்கும்போதும் எழுந்து நின்று தன்னைத்தானே எடுத்திருக்கிறார், ஒவ்வொரு மீட்டிங்கிலும். அவர் அந்தப் படங்களில் தன் முகம் நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி ஊருக்குக் காட்டுவார். மிச்சம் அப்படியே கிடந்தது.

“நிறுத்துங்க,” என்றாள் தனேஸ்வரி.

அந்தப் படத்தில் சசிகுமாரின் ஒரு கண் மூடியிருந்தது, அதனால் அதை யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய காதுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. பலகையில் ஷாமளாவின் கையெழுத்து. ஒரு கைப்பேசித் திரையின் படம், அதன் இடது ஓரத்தில் பெரிய பொத்தான். பக்கத்தில் புகை விடும் ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட அவள் விளையாட்டாக வரைந்திருந்தாள். மூலையில் படம் எடுத்த தேதி. போட்டி அறிவிப்பதற்கு முந்தைய வாரம்.



“திருடுனது யாருன்னு கேட்டீங்களே,” என்றாள் தனேஸ்வரி. “அவ வரைஞ்சதை அவ மூஞ்சிக்கு முன்னாடி நின்னு படம் புடிச்சி, மெஷின்கிட்டக் குடுத்து, அது திருப்பிக் குடுத்ததும் புல்லரிச்சிப்போயி, அவளையே திருடின்னு ஊருக்குச் சொன்ன ஆளு நீங்கதான். உங்களுக்குப் பின்னால என்னா இருந்திச்சின்னு நீங்க பார்க்கல. அந்த மெஷின் பார்த்திச்சி. மெஷினுக்கு உங்க மூஞ்சி முக்கியமில்ல பாருங்க.”

சசிகுமார் அடுத்துச் செய்ததைத் தனேஸ்வரி அதற்கு முன்னால் பல பேரிடம் பார்த்திருக்கிறாள். தன்மேல் விழுந்ததை அவர் அப்படியே பக்கத்து ஆள் மேல் தள்ளினார்.

“ஜாரெட், உங்களுக்கு இது தெரியுமா?”

“டெக்னிக்கலி…” என்றார் ஜாரெட்.

“தெரியும்,” என்றாள் தனேஸ்வரி. “இல்லன்னா மறுபடி ஓட்ட வேணாம்னு எதுக்குப் பயந்தாரு? அன்னிக்கே இந்தப் போட்டோவைப் பார்த்திருக்காரு. விக்கிற சாமான் நல்லா ஓடுதுன்னு வாயை மூடிக்கிட்டாரு. அதுக்குமேல கை, கம்பு, வீடியோன்னு ஒரு கதை. நான் பார்த்த பொய் விபத்துக்காரங்கள்ல ஒருத்தன்கூட இவ்வளவு சோம்பேறி இல்ல.”

ஜாரெட் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை. கார் கழுவும் மச்சான் மட்டும் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

சசிகுமார் சட்டென்று மலர்ந்தார். “ஓகே, ஓகே. அப்போ நல்ல விஷயம்தான். ஜெயிச்சது நம்ம ஷாமளா டிசைன். எர்கோனாமிக்ஸ்ல, அதான் கைக்கு வாட்டமா இருக்குறதுல, நாங்களே ஃபுல் மார்க் குடுத்திருக்கோம். நாளைக்கே அதை வெச்சி வேலையை ஆரம்பிச்சிருவோம்லா.”

தனேஸ்வரி ஷாமளாவைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். பேர் மீண்டுவிட்டது, மார்க் வேறு முழுசாகக் கிடைத்திருக்கிறது. இந்த அறையில் ஒருத்தனுக்கும் அந்தப் பொத்தான் தப்பு என்று இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. வாங்கிக்கொண்டு போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

“அது தப்பு போஸ்,” என்றாள் ஷாமளா.

“என்னாது?”

“அந்த டிசைன் தப்பு. நான் ஒரே ஒரு மண்டோரைப் பார்த்துட்டு வரைஞ்சிட்டேன். அவரோட வண்டி ஓட்டை வண்டி, அவரால வலது கையை எடுக்க முடியாது. மத்தவங்க எல்லாம் சாதாரணமாத்தான் தட்டுறாங்க. நீங்க ஃபுல் மார்க் குடுத்தது ஒரு ரிப்பேரான மோட்டருக்கு.” அவள் சுவர்த்திரையில் தெரிந்த பலகையைக் காட்டினாள். “தப்பா வரைஞ்சது நான். திருடல.”



“சரி, இப்ப குழுவுல சொல்லுங்க,” என்றாள் தனேஸ்வரி சசிகுமாரிடம். “அதே குரல்ல, அதே குழுவுல.”

சசிகுமார் கைப்பேசியை வாயருகே கொண்டு போனார். “ஹாய் கைஸ், ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்…”

“அழிங்க.”

“ஹாய் ஆல், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு…”

“அழிச்சிட்டு ஒழுங்காச் சொல்லுங்க. இல்லன்னா உங்க ஒரு கண்ணு மூடுன படத்தை நான் அந்தக் குழுவுல போடுறேன்.”

அந்த மிரட்டல் வேலை செய்தது. பெண்ணின் மானத்துக்கு அசையாதவர் தன் மூஞ்சிக்கு அசைந்தார். “ஷாமளா எதையும் திருடல. அவ வரைஞ்சதை நான்தான் எடுத்து மெஷினுக்குக் குடுத்தேன். குடுத்தது எனக்கே தெரியல. அவளைத் திருடின்னு சொன்னது என் தப்பு.” அனுப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் மெத்தை மூட்டையில் உட்கார்ந்தார். அது அவரை இடுப்பு வரை விழுங்கியது.

ஷாமளா தன் கைப்பேசியில் அதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அதை அம்மாவுக்கு அனுப்பினாள். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. குழுவில் மன்னிப்பும் கைகூப்பும் படங்களுமாக வந்து விழத் தொடங்கியதை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூவரும் படியிறங்கி வேன் அருகே வருவதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. திரையில் அம்மா என்று இருந்தது. ஷாமளா அதைக் கையில் பிடித்தபடி நின்றாள். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

“எடுக்கலையாம்மா?” என்று கேட்டார் சில்வெஸ்டர்.

“அடிக்கட்டும் அண்ணே,” என்றாள் ஷாமளா. “கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.”